துரு ஏறிய இடத்தில்தான் பாடும்

எங்கள் ஊர் ரேடியோ கம்பத்துக்குப் பத்து வயது ஆகிவிட்டதாம். போன மாதம் விழா எடுத்தார்கள். வழவழவென்று ஒரு மலர் அச்சடித்து, வந்தவர்கள் கையில் எல்லாம் திணித்தார்கள். கம்பத்தின் உயரம் என்ன, எத்தனை கிலோவாட், எந்த மந்திரி வந்து பொத்தானை அழுத்தினார், அவருக்கு யார் மாலை போட்டார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. என் அம்மா பொன்னியம்மா அதில் இல்லை. எங்கள் துணிக்கொடி இல்லை. பரந்தாமன் தோப்பு முள்வேலிகூட இல்லை. அந்த வேலியை விட்டுவிட்டு ஒரு சரித்திரமா? எனக்கு வந்த எரிச்சலில், கொரட்டூருக்குத் திரும்பும் ரயிலில் அந்த மலரை விரித்து அதன் மேலேயே உட்கார்ந்து வந்தேன். கட்டிக்கொடுத்த பிறகு எனக்கு ஊர் கொரட்டூர்தான். ஆனாலும் விட்டுப்போனதை யாராவது சொல்ல வேண்டுமே, நானே சொல்கிறேன்.

முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி ஏரியை ஒட்டி இருக்கிறது எங்கள் கொல்லைமேடு. அதில் ஊர் என்றால் நிலம் வைத்திருந்தவர்கள் இருக்கும் பக்கம். காலனி என்றால் அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் இருக்கும் பக்கம். நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் இருந்ததோ இல்லையோ, வாய்க்கால் எப்போதும் இருந்தது. கம்பத்துக்காகச் சர்க்கார் எடுத்துக்கொண்ட நிலம் அம்மா வருஷா வருஷம் நடவு நட்ட நிலம். அங்கேதான் ஒரு மழைக்காலத்தில் அவளுடைய கால் மெட்டி சேற்றுக்குள் போனது. வேலி போட்டு மூடிய அன்று, "எம் மெட்டி உள்ள மாட்டிகினு கீது, அத்த எடுத்துக் குடுத்துட்டு வேலி போடுங்கய்யா" என்று அவள் கேட்டதற்கு மேஸ்திரி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கம்பம் மேலே போகப்போக, காலனியில் ஆளுக்கு ஒரு கதை கிளம்பியது. ஏரோப்ளேன் கட்டிப்போடுகிற கம்பம் என்றான் ஒருவன். ஆவடி டாங்கி பாக்டரியை மேலே இருந்து பார்க்கத்தான் என்றான் இன்னொருவன். ரேடியோ என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஒரே குஷி. பாடகர்கள் எல்லாம் இனிமேல் நம் தெரு வழியாகத்தான் போவார்கள் என்று எதிர்வீட்டு கெங்கம்மாள் வாசலில் இரண்டு வேளையும் சாணி தெளித்தாள். வந்தவர்களோ டிபன் பாக்ஸும் கையுமாக நாலைந்து பேர். அவர்களில் ஒருவர்தான் தேவராஜ், இளவயசு என்ஜினீயர். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவரை வழியில் நிறுத்தி அம்மா கேட்டாள்.

"சார், பாடறவங்கல்லாம் எங்க கீறாங்க?"

"அவங்க மெட்ராஸ்ல, பீச் பக்கம் இருக்கற ஆபீஸ்லம்மா."

"அப்போ இங்க இன்னா கீது?"

"அங்க பாடறத இங்கிருந்துதான் வெளியில அனுப்பறோம். காத்து வழியா போவுது."

அம்மா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். பிறகு தன் முந்தானையைப் பார்த்தாள், அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "எம் மேல பட்டுதான சார் போவுது? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"அதுக்கு ரேடியோப் பெட்டி வேணும்மா."

"நல்ல கதையா கீதே. காத்து எல்லாருக்கும் பொது, அதுல போற பாட்டு மட்டும் பொட்டி வச்சிகினு கீறவனுக்கா?"

தேவராஜ் சிரித்துக்கொண்டே நடந்தார். அம்மா அப்படித்தான். ஒன்றைப் பார்த்தால் அது எப்படி என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் பக்கத்தில் நின்று, எதை மிதித்தால் எது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவாள். இறங்க வேண்டிய இடத்தைப் பல தடவை கோட்டை விட்டிருக்கிறாள்.

காலனியில் அப்போது கரண்ட் கிடையாது, ரேடியோவும் கிடையாது. பஞ்சாயத்துக்கு என்று சர்க்கார் கொடுத்த ரேடியோ ஒன்று ஊர்ச் சாவடியில் இருந்தது. பிறகு, பத்திரமாக இருக்கட்டும் என்று பஞ்சாயத்து மெம்பர் பரந்தாமன் அதைத் தன் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். ரொம்பப் பத்திரமாகத்தான் இருந்தது. நாங்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

கம்பம் வேலை செய்யத் தொடங்கிய சில நாளில், ஒரு பனிக்காலக் காலையில், எங்கள் வீடு பேசியது.

எங்கள் குடிசையின் பின்சுவர் ஒரு பெரிய தகரம். அதன் ஓரத்துக் கொக்கியில் மாட்டி, ஏரிக்கரைப் பனைமரம் வரைக்கும் ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தோம். பக்கத்து வீடுகளின் துணியும் அதில்தான் காயும். அம்மா ஈரப் புடவையைக் கம்பியில் போடப் போனபோது, தகரத்துக்குள்ளிருந்து ஓர் ஆம்பளைக் குரல், "கடலோர மாவட்டங்களில் மழை பெய்யக்கூடும்" என்றது.

அம்மா வானத்தைப் பார்த்தாள். பிறகு தகரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். "யாருய்யா அது?" என்று கேட்டாள். தகரம் அவளுக்குப் பதில் சொல்லாமல் ஈரப்பதம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

செய்தி பரவிக் கால் மணிக்குள் காலனி முழுக்க எங்கள் கொல்லையில். கெங்கம்மாள் கற்பூரத்தோடு வந்து, அம்மன் வந்திருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா காதைத் தகரத்திலிருந்து எடுக்காமல், "அம்மனா இருந்தா அவ ஏன்டி யூரியா எப்பிடிப் போடறதுன்னு சொல்லிகினு கீறா?" என்றாள். கெங்கம்மாள் கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆனாலும் போகவில்லை, யூரியாவைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

மற்றவர்களுக்குக் கேட்கிறது என்பதே போதும். அம்மாவுக்குப் போதாது. கொக்கியைக் கழற்றினாள், தகரம் ஊமையானது. மாட்டினாள், பேசியது. கொக்கியைத் தகரத்தின் நல்ல பக்கத்தில் மாட்டிப் பார்த்தாள், ஊமை. பழையபடி துருப்பிடித்த ஓட்டையில் மாட்டினாள், பாட்டு. பனி விழுந்த காலையில் சத்தம் கணீரென்று இருக்கும், உச்சி வெயிலில் முனகும். இப்படி நாள்கணக்கில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "பேபி, துரு ஏறின எடத்துலதான்டி பாடும். கைய வச்சிடாத."

தேவராஜைக் கையோடு அழைத்து வந்து காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தகரத்தில் காதை வைத்தார். முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாகிவிட்டது. "படிச்சிருக்கேன், பார்த்ததில்ல" என்றார். அந்தக் காலத்து ரேடியோவில் ஒரு கல்லும் ஓர் ஊசியும்தான் இருக்கும், கரண்ட்டே தேவையில்லை, அந்தக் கல் செய்கிற வேலையை இங்கே துரு செய்கிறது, நீளக் கம்பி காற்றிலிருந்து பிடிக்கிறது, தகரம் அதிர்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். கம்பத்துக்கு இவ்வளவு கிட்டே இருப்பதால்தான் இது நடக்கும் என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்போ காத்து பொதுதான்னு சொல்லுங்க" என்றாள்.

இது பரந்தாமனுக்குப் பொறுக்கவில்லை. காலனியில் லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்று தபால் இலாகாவுக்கு எழுதிப் போட்டுவிட்டார். அப்போதெல்லாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள். சோதனை போட வந்தவர் சுலைமான் என்று ஒரு பெரியவர். குடிசைக்குள் பார்த்தார், பரண்மேல் பார்த்தார், பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா தகரத்தைக் காட்டியதும் அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து, நாகஸ்வரக் கச்சேரி முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. "தகரத்துக்கு லைசென்ஸ் குடுக்க எங்க சட்டத்துல எடமில்லம்மா" என்று சொல்லி, ஒரு தம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார். பரந்தாமன் வைத்த குறி தப்பிப்போனதில் காலனிக்கே சிரிப்பு.

என் அப்பா மதுரைவீரன் இதில் எங்கே என்று கேட்பீர்கள். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பட்டறையில் வேலை. சைக்கிள் ஹேண்டில்பார், கதவுப் பிடி எல்லாம் அங்கே வந்து பளபளப்பாகிப் போகும். முலாம் பூசுவதற்கு முன்னால் இரும்பில் ஒரு பொட்டுத் துரு இருக்கக் கூடாது. அந்தத் துருவை எடுப்பதுதான் நைனாவின் வேலை. ஆசிட்டில் முக்கி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பார். துரு என்றால் அவருக்கு ஜென்மப் பகை. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. எங்கள் அரிவாள்மணை, தோசைக்கல், பக்கத்து வீட்டு மண்வெட்டி, கெங்கம்மாளின் கதவு நாதாங்கி, காலனியில் எந்த இரும்பையும் அவர் விட்டுவைத்ததில்லை. கொல்லைத் தகரம் மட்டும் குடிசைக்குப் பின்னால் இருந்ததால் அவர் கண்ணில் படாமல் தப்பியது. அது பாடுவது அவருக்குத் தெரியும். எப்படி என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சோறு ஆச்சா என்பதோடு அவர் கேள்விகள் தீர்ந்துவிடும். அம்மாவும் சொல்லவில்லை. சொன்னால், துருவுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கிண்டல் செய்வார்.

அந்த வருஷம் நடவு சமயத்தில் கம்பத்துக்குப் பக்கத்து வயலில் அம்மா பாடியது தேவராஜ் காதில் விழுந்திருக்கிறது. அவர் மெட்ராஸில் கிராம நிகழ்ச்சிக்காரர்களிடம் சொல்ல, பாட வரச்சொல்லிச் சேதி வந்துவிட்டது. அம்மா, கெங்கம்மாள், கூட நடவு நடுகிற ராஜம்மா மூன்று பேரும், துணைக்கு நானும் ரயிலேறிப் போனோம். அம்மாவுக்குப் பாடுகிற சந்தோஷத்தைவிட, பாட்டு எந்த ஓட்டை வழியாக உள்ளே போகிறது என்று பார்க்கப்போகிற சந்தோஷம்தான் பெரிது.

ரேடியோ ஆபீஸுக்குள் ஒரே குளிர். சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பொத்தல். "எலியா சார்?" என்று கேட்டாள் அம்மா. அங்கே இருந்த கண்ணாடி போட்ட நிகழ்ச்சிக்காரர் ஒருவர், எதிரொலி வராமல் இருக்கத்தான் என்று விளக்கிவிட்டு, மூவரையும் மைக்குக்கு முன்னால் நிற்கவைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அப்போதும் வரவில்லை. வயலில் விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை நிறுத்தாமல் பாடுகிறவள்.

"கையில ஒண்ணும் இல்லாம நின்னுகினு எப்பிடி சார் பாடறது?" என்றாள்.

பிறகு அவளாகவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். கை தானாக நாற்று பிடித்தது, விரல் தானாகத் தரையில் ஊன்றியது, பாட்டும் வந்துவிட்டது.

"நாத்துக்கட்டு கை மாத்தி
நாலு வரப்பு தாண்டி வந்தேன்,
சேத்துக்குள்ள கால் போச்சு,
மெட்டி எங்கே தேடுவேனோ."

மற்ற இருவரும் குனிந்து கூடச் சேர்ந்துகொண்டார்கள். நடவு நடுகிறவர்கள் பின்பக்கமாகத்தானே நகர்வார்கள்? இவர்களும் அடிமேல் அடி பின்னால் போய்க்கொண்டே பாடி, பாட்டு முடியும்போது கடைசிச் சுவரில் மூன்று பேரும் முட்டி நின்றார்கள். மைக் தன்னந்தனியாக நடுவில் இருந்தது. நிகழ்ச்சிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் நல்ல மனுஷன். மைக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அவரே கையில் எடுத்துக்கொண்டு, குனிந்தபடி அவர்கள் கூடவே நகர்ந்து நகர்ந்து மறுபடி பதிவு செய்தார்.

முடிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இப்போ அது எங்க கீது?"

அவர் சுற்றி வைத்த நாடாவைக் காட்டினார். அம்மா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "பழுப்பா கீதே. இதுவும் துருவா சார்?"

அவர் ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தார். "ஆமாம்மா. ஒருவகையில துருதான் பூசியிருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமைக்கு அவளுக்கு ஒரு பட்டமே கொடுத்திருக்கலாம். ஒரு தடவை போட்டுக்காட்டுங்கள் என்று கேட்டாள். அடுத்த கோஷ்டி வாசலில் நிற்கிறது, நேரமில்லை, வியாழக்கிழமை சாயங்காலம் ஒலிபரப்பும்போது கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் அவர். அதற்கப்புறம்? அதற்கப்புறம் நாடாவை அழித்துவிட்டு வேறு எதையாவது பதிவு செய்வோம் என்றார். ஆக, அவள் குரல் ஒரே ஒரு தடவை காற்றில் போகும். அதோடு சரி.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வில்லிவாக்கம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள். "பேபி, எங் கொரலு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுடி. ஊரெல்லாம் கேட்டுகினு கீது, நான் கேட்டதில்ல. ஒரு தபா கேட்டுரணும்." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

விஷயம் ஊர்ப்பக்கம் போனது. பரந்தாமன் நம்பவில்லை. "பாடக் கூப்ட்டாங்களா, பெருக்கக் கூப்ட்டாங்களா?" என்று கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் கேட்டார். பிறகு, நிஜம் என்று தெரிந்ததும் பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பினார். வியாழக்கிழமை ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன், பின்பக்கமாக வந்து மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்று.

சேதி கொண்டுவந்த ஆளிடம் அம்மா சொன்னாள். "ஆண்டைகிட்ட சொல்லு, எம் பாட்ட நான் மாட்டோட நின்னுகினு கேக்கணும்னு தலையெயுத்து இல்ல. எங்கூட்டுத் தகரம் பாடும்."

வியாழக்கிழமை வந்தது. அம்மா களையெடுக்கப் போயிருந்தாள், பொழுதோடு திரும்புவதாகச் சொல்லிவிட்டு. நான் வேலை முடிந்து ரயிலில் வந்து அண்ணனூரில் இறங்கி, வழியில் அவளோடு சேர்ந்துகொண்டேன். வீட்டை நெருங்கும்போதே கொல்லையில் கூட்டம். நடுவில் நைனா. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், வாழ்க்கையில் முதல் தடவை. முகமெல்லாம் சிரிப்பு.

"பொன்னி, வந்து பாரு" என்றார்.

தகரம் வெள்ளிமாதிரி பளபளவென்று இருந்தது. கொக்கியும் கம்பியும் அந்த ஓட்டையும் புதுப் பொண்ணு மாதிரி மின்னின. பட்டறையிலிருந்து உப்புத்தாளும் ஆசிட்டும் கொண்டுவந்து, மத்தியானம் முழுக்க வெயிலில் குந்தி, விரல்நுனி தேயத் தேயத் தேய்த்திருக்கிறார். மேலே மஞ்சள், குங்குமம். ஒரு முழம் கதம்பம் வேறு.

"நீ பாடறச்சொல்ல அது துருப்புடிச்சிகினு கீறதா? அதான் ஒயுங்கு பண்ணிட்டேன். இப்போ பாரு, கணீர்னு கேக்கும்" என்றார்.

அம்மா தகரத்தில் காதை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கொக்கியை அசைத்தாள், திருப்பினாள். ஒரு மூச்சுகூட இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

அவள் ஏதாவது திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். நைனாவின் விரல்களைப் பார்த்தாள், அதில் தோல் உரிந்திருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "துரு ஏறின எடத்துலதான்யா பாடும்" என்று மட்டும் சொன்னாள். நைனாவின் முகம் செத்துப்போயிற்று. ராஜம்மாதான் மிச்சத்தை அவருக்கு விளக்கினாள். அவர் அந்தக் கதம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிகழ்ச்சிக்கு நேரம் நெருங்கிவிட்டது. முத்தாபுதுப்பேட்டை டீக்கடைக்கு ஓடினாலும் போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிடும். கம்பத்து ஆபீஸுக்குள் வெளியாளை விடமாட்டார்கள், தேவராஜுக்கு அன்று காலை ஷிப்ட், அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் இருப்பது மாட்டுக் கொட்டகை. கெங்கம்மாள் அந்தப் பேச்சை எடுத்தாள். "ஒரு நாளைக்குத்தானேக்கா. போய்க் கேட்டுட்டு வந்துரலாம்."

அம்மா எழுந்தாள். கொட்டகைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், "காலனியில எவன் ஊட்லயாச்சும் துருப்புடிச்ச இரும்பு கீதா?" என்று கேட்டாள்.

நாங்கள் ஓடினோம். வீடு வீடாக நுழைந்தோம். அரிவாள், கடப்பாரை, வாளி, உலக்கைப் பூண், எதை எடுத்தாலும் பளபளவென்று பல்லை இளித்தது. இத்தனை வருஷமாக நைனா விட்டுவைக்காமல் தேய்த்த இரும்பு. காலனி முழுக்க ஒரு பொட்டுத் துரு இல்லை. எனக்கு வந்த கோபத்தில், வேறு ஏதாவது தொழிலுக்குப் போயிருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போது நைனாதான் வாய் திறந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "பரந்தாமன் தோப்பு வேலி. நானும் தெனம் பாத்துகினுதான் போறேன். அவ்ளோ துரு. தேய்ச்சிடலாம்னு கை அரிக்கும்."

தோப்பு கம்பத்துக்கு எதிர்ப்பக்கம். நம்மாட்கள் குறுக்கே நடக்கக் கூடாது, ஆடு நுழையக் கூடாது என்று சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார் பரந்தாமன். போட்டதோடு சரி, திரும்பிப் பார்த்ததில்லை. கம்பியெல்லாம் செங்கல் நிறம். பாதையோரம் அதில் ஒரு தகரப் பலகை, இடுப்பு உயரத்தில், துருப்பிடித்த கம்பியாலேயே முறுக்கிக் கட்டித் தொங்கியது. அதில் "அந்நியர் உள்ளே வரக்கூடாது" என்று எழுதியிருந்தது.

எல்லோரும் மூச்சிரைக்க அங்கே போய் நின்றபோது பலகை ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. தோப்புக்குள் காற்று இல்லை. ஏதோ கோழிக் கழிச்சல் நோயைப் பற்றி ஒரு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பலகையின் விளிம்பைப் பிடித்து, கம்பியில் துரு அழுந்தும்படி ஒரு சின்னத் திருப்பு திருப்பினாள். டாக்டர் எங்கள் நடுவில் வந்து நின்றதுபோல ஆனார்.

"எவன்டா அது வேலிய புடுங்கறது?" என்று தோப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பரந்தாமன். ஊரில் கரண்ட் போயிருந்தது, கம்பத்துக்குத்தான் தனி லைன். கூடத்து ரேடியோ செத்துக் கிடக்க, மோட்டார் சுவிட்சை அணைத்து வைக்கலாம் என்று தோப்புக்கு வந்திருக்கிறார். கையில் கழியோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்தவர், எங்கள் கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"ஆண்டே, சித்த பேசாத இருங்க" என்றார் நைனா. என் அப்பா அவரிடம் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

பரந்தாமன் ஏன் பேசாமல் இருந்தார் என்றால், அந்தச் சமயம் அவருடைய பலகை, "அடுத்து நடவுப் பாடல், பாடுபவர்கள் பொன்னியம்மா குழுவினர்" என்றது. அவர் கழியைக் கீழே விட்டுவிட்டார். அவருக்கும் காது இருக்கிறதே. குனிந்து, அந்தப் பக்கத்திலிருந்து பலகையில் காதை வைத்தார்.

பாட்டு வந்தது. நாற்றுக்கட்டு கை மாறி, நாலு வரப்பு தாண்டி, அந்தத் துருவிலிருந்து கிளம்பி வந்தது. கெங்கம்மாள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். ராஜம்மா தன் குரல் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். நைனா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

அம்மா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ தெரியாதவர்கள் வீட்டு வாசலில் நிற்பதுபோல ஒரு முகம்.

"யாருடி இவ?" என்று என்னிடம் கேட்டாள். "நல்லாத்தான் பாடறா."

"நீதாம்மா."

"நானா?"

மறுபடி காதை வைத்தாள். சேற்றுக்குள் கால் போகிற அடி வந்தது. அந்த அடிக்கு முன்னால் ஒரு மூச்சு, குனிந்து கைவைத்து எழுகிறவர்களுக்கு மட்டும் வருகிற அந்த மூச்சு, தெளிவாகக் கேட்டது. அம்மாவின் முகம் மாறியது.

"குனிஞ்சிகினே பாடறா பாரு. மூச்சு வாங்குது" என்றாள். "பாவம். எத்தினி வருசமா குனிஞ்சிகினு கீறாளோ. அவள யாராச்சும் நிமிரச் சொல்லக் கூடாதா?"

நான் அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கமில்லை.

அம்மா பலகையிலிருந்து கையை எடுத்தாள். இடுப்பில் கைவைத்து, மெதுவாக நிமிர்ந்தாள்.

"கேளும்மா, முடியலியே இன்னும்" என்றேன்.

"எனக்குத் தெரியாத பாட்டா? நீங்க கேளுங்க" என்றாள்.

பாட்டு முடிகிற வரை அவள் ஒருத்திதான் அங்கே நிமிர்ந்து நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்களும், அந்தப் பக்கம் பரந்தாமனும், குனிந்துதான் இருந்தோம்.